மேனேஜர் ஏன் சிரிக்கிறார்?

ஸ்பின்னிங் மில் மேனேஜருக்குக் கெட்ட செய்தியை யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. காதே சொல்லிவிடும். கேட்டை நெருங்கும் முன்பே நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் மெஷின்களின் இரைச்சல் கேட்க வேண்டும். அந்தத் திங்கட்கிழமை காலை எனக்குக் கேட்டது பாதி இரைச்சல்தான்.

சைக்கிளை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே ஓடினேன். பாதி மெஷின்கள் ஓடாமல் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. கரன்ட் இருந்தது, பஞ்சு இருந்தது, சைடர்களில்தான் பாதிப் பேர் இல்லை. சைடர் என்றால் ரிங் ஃப்ரேமை ஒட்டி நடந்துகொண்டே அறுந்த நூலைச் சேர்க்கிறவர். எங்கள் மில்லில் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் வராவிட்டால் அத்தனை பஞ்சையும் வைத்துக்கொண்டு மேனேஜர் விளக்குத் திரிதான் திரிக்கலாம்.

கேட்டில் இருந்த செக்யூரிட்டி ரங்கசாமியைக் கூப்பிட்டேன்.

"எல்லாரும் எங்க போயிட்டாங்க ரங்கசாமி?"

"பல்லடத்துப் பக்கம் ஒரு மில்லுல ஆள் எடுக்கறாங்களாமுங்க சார். அங்க கேட்டுப் பாக்கப் போயிட்டாங்களாட்ட இருக்குதுங்க."

"ஏன், நம்ம மில்லுக்கு என்ன கேடு வந்துச்சு?"

ரங்கசாமி சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அதை நீங்கதானுங்க சார் சொல்லோணும்" என்றார்.

1. காரை விட்டேன்

அதற்கு ஒன்றரை மாதம் முன்பு டாக்டர் என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சர்க்கரை வாசலில் வந்து நிற்கிறது, உள்ளே விடுவதும் விடாததும் உங்கள் கையில் என்றார். நடக்கச் சொன்னார். எனக்கு நடப்பதென்றால் அலுப்பு. மில்லுக்குள் நடப்பது போதாதா? ஆகவே ஒரு சைக்கிள் வாங்கினேன். கடைக்காரர் கியர், சஸ்பென்ஷன் என்று என்னென்னவோ காட்டினார். நான் கேரியர் வைத்த சாதாரண வண்டியாகப் பார்த்து எடுத்தேன், டிபன் பாக்ஸ் வைக்க வேண்டுமே.

எங்கள் வீடு சூலூரில். மில் அங்கிருந்து கிழக்கே, உள்ளே தள்ளி. காரில் போனால் மெயின் ரோடு, லாரி, ஹாரன், சிக்னல். மில்லுக்குப் போய்ச் சேரும்போதே யாரையாவது திட்டத் தயாராக இருப்பேன். முதலில் எதிர்ப்படுகிறவர் பாவம் செய்தவர். சைக்கிளுக்கு வேறு வழி இருந்தது. குளத்து ஓரமாகப் போய், விசைத்தறி ஓடுகிற தெருவைத் தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே புகுந்தால் மில்லின் பின்பக்கம், அங்கிருந்து சுவரோரமாகச் சுற்றினால் கேட். முதல் வாரம் தொடை கழன்று விழுவது போல வலித்தது. நாய்கள் துரத்தின. இரண்டாவது வாரம் நாய்களுக்கே அலுத்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன். அவ்வளவுதான். குளத்தில் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காய்வதைப் பார்த்தேன். தலைக்கு மேலே விமானப்படை விமானம் போனால் பையன் மாதிரி அண்ணாந்து பார்த்தேன். பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற மேல்காற்று காலையில் முதுகைத் தள்ளிவிடும், மிதிக்கவே வேண்டாம். சாயங்காலம் அதே காற்று நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். அதையும் நான் அனுபவித்தேன். மில்லுக்குள் நுழையும்போது திட்டுவதற்கு எனக்கு விஷயமே இருக்காது.

கார் வீட்டில் கவர் போர்த்திக்கொண்டு தூங்கியது.

2. போண்டாவுக்குப் பதில் சுண்டல்

சந்தோஷம் வந்த மனுஷன் சும்மா இருக்க மாட்டான். தான் பெற்றதை ஊருக்கெல்லாம் கொடுக்கப் பார்ப்பான். கேன்டீனில் சாயங்காலம் டீயோடு போண்டா கொடுப்பது வழக்கம். எண்ணெய் எதற்கு, எல்லோரும் ஆரோக்கியமாக இருக்கட்டும் என்று நான் சுண்டலாக மாற்றினேன். ஆபீஸ் முன்னால் இருந்த நீரூற்றை, வீணாக ஓடுகிறதே என்று நிறுத்தினேன். டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்ட்டாக நடந்து எல்லோரிடமும் நலம் விசாரித்தேன். ஒருவரை விடாமல் பார்த்துச் சிரித்தேன்.

அதுவரை நான் மில்லுக்குள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரிக்கக் கூடாது என்று கொள்கையெல்லாம் இல்லை. நூல் அறுப்பு, மெஷின் பிரேக்டவுன், நூல் வாங்குகிற பார்ட்டியின் கம்ப்ளைன்ட் என்று ஓடுகிறவனுக்கு அந்த ஞாபகமே வராது.

எல்லோரும் என்னைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசுவது எனக்குத் தெரிந்தது. மேனேஜர் இளைத்து அழகாகிவிட்டார் என்று பேசிக்கொள்வதாக நினைத்துக்கொண்டேன்.

3. சரஸ்வதி கேட்ட கேள்வி

திங்கட்கிழமைக்கு மறுபடி வருகிறேன். மத்தியானம் என் அறைக்கு சரஸ்வதி வந்தார். ரிங் ஃப்ரேமில் எங்களுடைய நல்ல சைடர்களில் ஒருவர். பல்லடத்துக்குப் போகாமல் அன்றைக்கு வேலைக்கு வந்தவர்களில் அவரும் உண்டு. மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். எங்களிடம் வருவதற்கு முன்பு சரஸ்வதி வேறொரு மில்லில் இருந்தார். அது மூடிப்போய்விட்டது.

"ஏனுங்க சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க. நான் இங்க இருக்கட்டுங்களா, அங்க போகட்டுங்களா? நாளைக்கு வரைக்குந்தான் ஆள் எடுப்பாங்களாமுங்க. நாளன்னைக்கு மூடறோம்னு சொல்லிப்போட்டீங்கன்னா நான் எங்கீங்க போறது?"

"மூடறோம்னு யாரு சொன்னாங்க?"

"ஆரும் சொல்ல வேண்டீதில்லீங்க. எங்க பழைய மில்லுலயும் ஆரும் சொல்லலை. மொதல்ல மேனேஜர் காரு போச்சுங்க. அப்புறம் கேன்டீன்ல போண்டா போச்சு. நடுவுல செடிக்குத் தண்ணி உடறத நிறுத்துனாங்க. ஒரு நா காத்தால வந்தா கேட்டுல பூட்டுங்க."

நான் வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை.

"அதுகூடப் பரவால்லீங்க சார். நீங்க சிரிச்சீங்க பாருங்க, அப்பத்தான் எங்களுக்குப் பூட்டு நெசம்னு தெரிஞ்சுபோச்சு. அந்த மேனேஜரும் கடைசி மாசம் பூராத்தையும் அப்புடித்தானுங்க சிரிச்சாரு. ஒவ்வொருத்தராப் பாத்து, ஊட்டுல எல்லாஞ் சௌக்கியமான்னு கேட்டாருங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். சிரித்தால் அவர் நேராகப் பல்லடம் பஸ் ஏறியிருப்பார். அடுத்த நிமிடம் எனக்குச் சிரிப்பே போய்விட்டது. ஒன்றரை மாதமாக நான் குளத்தில் நீர்க்காகம் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். அதே ஒன்றரை மாதம் இந்த அம்மா என் முகத்தைப் பார்த்துப் பார்த்து மகளின் படிப்பை நினைத்துப் பயந்திருக்கிறார்.

"மில் மூடாது. தைரியமா இருங்க" என்றேன்.

"அந்த மேனேஜரும் இருங்கன்னுதானுங்க சொன்னாரு" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

4. நோட்டீஸ் ஒட்டினால் என்ன ஆகும்

படித்தவன் புத்தி, உடனே நோட்டீஸ் அடித்தேன். 'நமது ஆலை நல்ல நிலையில் இயங்கி வருகிறது. மூடப்படும் என்ற வதந்தியை யாரும் நம்ப வேண்டாம்.' கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் போட்டு கேட்டருகே ஒட்டினேன்.

ரங்கசாமி அதை இரண்டு முறை எழுத்துக்கூட்டிப் படித்தார். "மூடாத மில்லுல இப்புடி நோட்டீஸ் ஒட்டி நான் பாத்ததில்லீங்க சார்" என்றார்.

சாயங்காலத்துக்குள் அதுவரை சந்தேகம் இல்லாதவர்களுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ராத்திரி எம்.டி. போனில் கூப்பிட்டார். நிதானமான மனுஷர், கோபம் வந்தால்தான் மரியாதை அதிகமாகும்.

"ஏனுங்க மேனேஜர், சைக்கிள் ஓட்டுனா மனுசன் சந்தோசமா இருப்பான்னு சொல்லுவாங்க. நெசந்தானுங்களா?"

"நெசந்தானுங்க சார்."

"ரொம்ப சந்தோசமுங்க. உங்க சந்தோசத்தைப் பாத்துப்போட்டு நூல் வாங்கற பார்ட்டி எனக்குப் போன் போட்டு, மில்லுக்கு ஒண்ணுமில்லைங்களேன்னு கேக்கறாங்க. நாளைக்குக் காருல வந்துருங்க. அந்த நோட்டீஸைக் கிழிச்சுப்போடுங்க."

மறுநாள் காரில் போனேன். அடுத்த சில நாட்களில் பல்லடம் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். எதுவுமே நடக்காதது போல மெஷினில் நின்றார்கள். போண்டா திரும்பியது. நீரூற்று ஓடியது. சரஸ்வதி இருந்துவிட்டார். மில்லில் எல்லோரும் நிம்மதியானார்கள், என்னைத் தவிர.

நான் மறுபடியும் பழைய ஆளானேன். சிக்னலில் ஹாரன் அடித்தேன். கேட்டில் ரங்கசாமியைக் கடித்தேன். நான் கத்தக் கத்த மில்லில் நம்பிக்கை பெருகியது, அதுதான் வேடிக்கை. ரங்கசாமி யாரிடமோ, "சார் திட்ட ஆரம்பிச்சுட்டாரு, இனிப் பயமில்லை" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

வீட்டில் என் மனைவி சாந்திக்குத்தான் கஷ்டம். ஒன்றரை மாதம் நல்ல புருஷனோடு குடித்தனம் நடத்திப் பழகிவிட்டாள். ஒருநாள் ராத்திரி சாம்பாரில் உப்பு இல்லையென்று நான் தட்டைத் தள்ளியபோது இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, அங்க காரு நிக்கோணும்னுதானே சொல்றாங்க? நீங்க அதுக்குள்ள உக்காந்து போகோணும்னு ஆராச்சும் சொன்னாங்களா?"

எனக்குப் புரியவில்லை.

"காரைக் கொண்டுபோய் மில்லுலயே நிறுத்திப்போட்டு வாங்க. அது அங்கயே கெடக்கட்டும். நீங்க சைக்கிள்ல போய்ட்டு சைக்கிள்ல வாங்க. நானாச்சும் நிம்மதியா இருப்பேன்."

5. கார் வேலைக்கு வந்தது

அப்படித்தான் என் கார் மில்லில் வேலைக்குச் சேர்ந்தது. ஆபீஸுக்கு முன்னால், கேட்டிலிருந்து பார்த்தால் நேராகத் தெரிகிற இடத்தில் நிறுத்தினேன். நான் பின்பக்கத் தோப்பு வழியாக சைக்கிளில் வந்தேன், போனேன். இது யாருக்கும் ரகசியமில்லை. எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் பயப்படவில்லை.

சரஸ்வதியிடமே கேட்டேன். "இப்பவும் நான் சைக்கிள்லதானே வர்றேன்?"

"நீங்க எதுல வந்தா எங்களுக்கென்னங்க சார்? காரு இங்க இருக்குதுங்களே. ஓடிப்போறவரு காரை உட்டுட்டா போவாரு?"

ராத்திரி ஷிஃப்டுக்கு வருகிறவர்கள்கூட உள்ளே நுழைந்ததும் கார் நிற்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். சரஸ்வதி போகிற போக்கில் பானெட்டை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவார். பஞ்சுத் தூசி படிந்து வெள்ளையாகிக் கிடந்தால் யாராவது துடைத்து வைப்பார்கள். ஓட்டாமல் கிடந்து பேட்டரி செத்துப்போனபோது நூல் நிறைந்த கண்டுகளைக் கழற்றுகிற டாஃபிங் பையன்கள் சேர்ந்து காம்பவுண்டுக்குள்ளேயே தள்ளி ஸ்டார்ட் செய்தார்கள். கல்யாணம் காட்சிக்குக் காரை எடுத்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ரங்கசாமி கேட்டில் நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார்: "சாரோட காரு கோபிக்கு ஒறம்பரை ஊட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்குதுங்க. நாளைக்கு வந்துரும்."

எனக்குச் சிரிக்கவும் அனுமதி கிடைத்தது. ஆனால் அளவோடு.

6. கடைசி நாள்

இப்போதும் இளைய மேனேஜர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள், சைக்கிளில் வேலைக்குப் போனால் உண்மையிலேயே சந்தோஷம் வருமா என்று. வரும். நான் சாட்சி. சர்க்கரையும் வாசலோடு திரும்பிப் போய்விட்டது. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். கார் இருந்தும் சைக்கிள் ஓட்டியவன் நான். அந்தச் சந்தோஷத்தில் பாதி அந்தக் காருடையது. எங்கள் மில் பெண்கள் அப்படி எதையும் வைத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இல்லை. அவர்களுக்கு மேனேஜரின் வண்டி, போண்டா, முகம் எல்லாமே மில்லின் செய்திதான். அதனால் உங்கள் வாழ்க்கையில் எதை மாற்றினாலும் கீழே வேலை செய்கிறவர்களிடம் முதலில் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். நோட்டீஸ் ஒட்டாதீர்கள்.

ஓய்வு பெற்ற அன்று சால்வை, சுவர்க் கடிகாரம், மாலை எல்லாம் வாங்கிக்கொண்டு கார்ச் சாவியோடு ஆபீஸ் வாசலுக்கு வந்தேன். சைக்கிளை யாராவது வீட்டில் கொண்டுவந்து விடட்டும் என்று நினைத்திருந்தேன். காரை மறித்துக்கொண்டு சரஸ்வதி நின்றார். மகள் அதற்குள் நர்ஸாகி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"காரை எடுக்கறீங்களா சார்?"

"ஆமாங்க. இனி எனக்கு இங்க என்ன சோலி?"

"உங்களுக்கு இல்லைங்க. காருக்கு இருக்குது. புது மேனேஜர் அடுத்த வாரந்தான் வர்றாராமுங்க. அவரு வந்து அவரு காரை நிறுத்தற வரைக்கும் இது இங்கயே இருக்கட்டுங்க. வெத்து எடத்தைப் பாத்தா ஜனங்க பயந்துக்குவாங்க."

சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் வேலை செய்ததற்கு எனக்குக் கிடைத்த சால்வையைவிட என் காருக்கு ஒரு வாரம் கிடைத்த இந்த வேலை நீட்டிப்பு பெரிதாகப்பட்டது. சாவியை ரங்கசாமியிடம் கொடுத்தேன். சுவர்க் கடிகாரத்தை சைக்கிள் கேரியரில் கட்டினேன்.

மிதிக்கப் போகும்போது சரஸ்வதி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"போறப்ப சிரிச்சுக்கிட்டே போயிராதீங்க சார். எல்லாரும் பாக்கறாங்க."

தோப்பு வளைவு திரும்பும் வரை முகத்தை உம்மென்றே வைத்துக்கொண்டேன்.