விரல் நுனியில் சிட்ரால்

எலுமிச்சை வாசனை யாருக்குத்தான் பிடிக்காது? வெயிலில் வந்தவருக்கு ஒரு சோடா, தலை சுற்றுகிறவருக்கு முகர்ந்து பார்க்க ஒரு பழம், பேருந்தில் குமட்டுகிறவருக்குக் கசக்கிக் கொடுக்க ஓர் இலை. எனக்கும் பிடிக்கும். இப்போதும் பிடிக்கிறது, அதுதான் கஷ்டமே. பிடிக்காத ஒன்றிடம் மாட்டிக்கொண்டால் திட்டிக்கொண்டாவது இருக்கலாம்.

என் வேலை பாவு பிணைப்பது. தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகளைத்தான் பாவு என்கிறோம். நெய்து நெய்து ஒரு பாவு தீர்ந்ததும் அடுத்ததை ஏற்ற வேண்டும். புது இழை ஒவ்வொன்றையும் தறிக்குள் முதலிலிருந்து நுழைத்துக்கொண்டிருந்தால் நெசவாளி என்றைக்கு நெய்வது? அதனால் பழைய பாவின் முனையைக் கொஞ்சம் விட்டுவைப்பார்கள். அதன் ஒவ்வோர் இழையோடும் புது இழை ஒன்றைச் சேர்த்து முறுக்குவது என் பாடு. முடிச்சு கிடையாது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு திருகு, அவ்வளவுதான். இழை இழையைப் பிடித்துக்கொள்ளும். விரல் வழுக்காமலிருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வோம். ஒரு புடவைப் பாவில் ஆயிரக்கணக்கில் இழை இருக்கும். பிள்ளையார்பாளையத்தில் நான் உட்காராத தறி குறைவு. "உன் விரலுக்குத் தனியா கண்ணு இருக்குது" என்பார் என் வீட்டுக்காரர். அவர் ஆட்டோ ஓட்டுகிறார். எல்லாவற்றையும் கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பேசுகிறவர்.

அந்த விரல்கள்தான் வெடித்தன. முதலில் நுனியில் வெறும் வறட்சி. பிறகு செதில் செதிலாக உரிந்தது. பிறகு கோடு கோடாகப் பிளவு. மற்ற வேலை செய்கிறவர்கள் இதைத் துணி சுற்றிச் சமாளிப்பார்கள். பட்டிடம் அது நடக்காது. வெடித்த தோலின் ஓரத்தில் இழை போய் மாட்டும். நான் கையை எடுத்தால் இழையும் கூடவே வரும், பிசிர் கிளம்பும், பக்கத்து இழைகளையும் இழுத்துச் சிக்கலாக்கும்.

நான் என்ன செய்தேன்? இன்னும் நன்றாகக் கை கழுவினேன். எங்கள் தொழிலில் வேறு யோசனையே வராது. பட்டைத் தொடுகிற கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது, சாம்பார் வாசனை இருக்கக் கூடாது. பாத்திரம் கழுவுகிற பச்சை லிக்விடை உள்ளங்கையில் ஊற்றி முழங்கை வரை தேய்ப்பேன். எலுமிச்சை வாசனை வந்துவிட்டால் கை சுத்தம் என்று எங்கள் தெருவே நம்புகிறது. ராத்திரி, கோயில் வாசலில் விற்கிற எலுமிச்சைப்புல் தைலத்தை வாங்கி வெடிப்பில் தடவிக்கொண்டு படுப்பேன். எரியும். எரிந்தால் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

நான் வாடிக்கையாகப் போகிற ஒரு வீட்டு அக்கா, அவர் வீட்டுக்காரர் நெய்கிற தறிக்குப் பல வருஷமாக நான்தான் பிணைக்கிறேன், ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் சிக்கல் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"கோச்சிக்காத. கையைக் காட்டு" என்றார். காட்டினேன். "இன்னாடி இது, ஏரி காஞ்சா மாதிரி கீது."

"ஆறிடும்க்கா."

"ஆறட்டும். அடுத்த பாவு கல்யாணப் பொடவை. பொண்ணு வூட்டுக்காரங்க கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கினு பாப்பாங்க. இப்ப ஓடுற பாவு தீர்றதுக்குள்ள உன் கை ஆறுச்சின்னா நீயே பிணை. ஆறலேன்னா ஓரிக்கைலேர்ந்து ஆள் கூப்புடறேன். வேற இன்னா பண்ணச் சொல்ற?"

அதில் கோபமே இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது. ஒரு தறியில் ஒருவர் கை பழகிவிட்டால் பிறகு அவரே வருவதுதான் இங்கே வழக்கம். இந்த ஒரு பாவு போனால் அந்தத் தறி போயிற்று. ஒரு தறி போன சேதி தெருவுக்குத் தெரிந்தால் மற்றவையும் ஒவ்வொன்றாகப் போகும்.

தோல் டாக்டர் சின்னப் பெண். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க என் முதுகில் பொட்டு பொட்டாக மருந்து வைத்து ஒட்டினார். அதை எடுக்கிற வரைக்கும் குளிக்கக் கூடாது, வேர்க்கக் கூடாது என்றார்.

"வேர்க்கக் கூடாதுன்னா காஞ்சிபுரத்துல எங்க போய் இருக்கறது டாக்டர்?"

"ஃபேனுக்குக் கீழ இருங்கம்மா."

இருந்தேன். ஒரே ஓர் இடம் மட்டும் இரவும் பகலும் அரித்தது. பிரித்துப் பார்த்தபோது அந்த இடம் சிவந்து தடித்திருந்தது. டாக்டர் போனில் படம் எடுத்துக் காட்டினார். என் முதுகை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.

"இது சிட்ரால்மா. எலுமிச்சை வாசனைன்னு நாம சொல்றோமே, அதைத் தர்ற பொருள். எலுமிச்சைப்புல் எண்ணெயில பெரும்பங்கு இதுதான். பழத்தோட தோல்ல கொஞ்சம், இஞ்சியில கொஞ்சம் இருக்கு. நிறைய பேருக்கு ஒண்ணும் பண்ணாது. உங்க தோலுக்கு ஆகல."

"அப்ப ரசத்துல பழம் பிழியக் கூடாதா? கோயில் இட்லியில இஞ்சி போடுவாங்களே?"

"சாப்பிடுங்க. பழத்தை வேற யாராவது பிழியட்டும். கையில படறதுதான் உங்களுக்குப் பிரச்சனை."

"எப்ப டாக்டர் சரியாவும்?"

"புண் ஆறிடும். ஆனா உங்க உடம்பு இதை ஞாபகம் வெச்சிக்கிச்சும்மா. இனிமே மறக்காது."

வெளியே ஆட்டோவில் காத்திருந்த வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். "அப்ப ஜாமீன் கெடைக்காத கேஸு" என்றார். பிறகு கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்த எலுமிச்சை வாசனை அட்டையைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் போட்டார். அப்போதுதான் உறைத்தது, அந்தக் கிளினிக் தரையையும் எலுமிச்சை பினாயில் போட்டுத்தான் துடைத்திருந்தார்கள்.

பெயர் தெரிந்துவிட்டால் ஆளைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஊருக்குள் எசன்ஸ் கடை வைத்திருக்கிற ஒரு தம்பியை எனக்குத் தெரியும். சோடாக்காரர், ஊதுபத்திக்காரர், சோப்பு காய்ச்சுகிறவர் எல்லாரும் அவரிடம்தான் வாங்குவார்கள். கேட்டதும் அலமாரியின் இருட்டான மூலையிலிருந்து ஒரு பழுப்புக் குப்பியை எடுத்தார். உள்ளே வெளிர்மஞ்சளாக, எண்ணெய் போல ஒரு நீர். காகிதத் துண்டின் நுனியை நனைத்துத் தூரமாகவே பிடித்துக் காட்டினார். நூறு பழத்தை ஒன்றாக நசுக்கின மாதிரி வந்தது.

"ஏன் தம்பி இருட்டுல வெச்சிருக்கீங்க?"

"வெளிச்சம் ஆகாது, காத்து ஆகாது, சூடு ஆகாதுக்கா இதுக்கு. புளிப்புல போட்டாலும் நாளாவ நாளாவக் கெட்டுப் பூடும். பழைய லெமன் கூல்டிரிங்க்ல ஒரு மாதிரி பெயின்ட் கடை வாசனை அடிக்கும் பாருங்க, இது செத்துக்கினு இருக்குதுன்னு அர்த்தம்."

"எதுல எதுல போடுவாங்க?"

அவர் சிரித்துவிட்டார். "எதுல போட மாட்டாங்கன்னு கேளுங்க. சோடா, மிட்டாய், கிரீம் பிஸ்கட், தரை தொடைக்கிறது, பாத்திரம் கழுவுறது, ஷாம்பு, சென்ட்டு. பெரிய ஃபேக்டரியில இதையே மாத்தி வயலட் பூ வாசனை பண்றாங்க. வைட்டமின் பண்றதுக்கும் இதுலேர்ந்து போவுதாம். மனுசனை வுடுங்க, தேனீ தன் கூட்டத்தைக் கூப்புடறதுக்கே இந்த வாசனையத்தான் வுடுதுன்றாங்க. இது இல்லாத எடம் ஒண்ணு சொல்லுக்கா, நானும் அங்க வந்துடறேன்."

நானும் அப்படி ஓர் இடத்தைத் தேடித்தான் பார்த்தேன். வீட்டிலிருந்த பச்சை லிக்விடையும் தைலத்தையும் எடுத்து எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். கை கழுவப் பயத்தமாவு, தடவ டாக்டர் கொடுத்த களிம்பு, பாத்திரத்துக்கு வெறும் சாம்பல் நிறப் பொடி. ஆனால் வாசல் தாண்டினால் எதிர்வீட்டில் தரை துடைக்கிறார்கள். ஓட்டலில் சாப்பிட்டால் கை துடைக்க ஈரக் காகிதம் நீட்டுகிறார்கள். கல்யாண மண்டபத்துக் குழாயடியில், பேருந்தில், என் தங்கை கட்டிப்பிடித்தால் அவள் தலைமுடியில். யாரும் எனக்கு எதிராக ஒன்றும் செய்யவில்லை. எல்லாரும் சுத்தமாக இருக்கிறார்கள், அவ்வளவுதான். நான் கைகளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நடந்தேன். குளிர்கிறதா என்று கேட்டார்கள், சித்திரை மாதத்தில்.

ஆனாலும், வேலைக்குப் போகாமல் இருந்ததில், கை ஆறிக்கொண்டு வந்தது. தோல் மூடியது. அந்த வாரத்தில்தான் தறிக்கார அக்கா வீட்டுக்கு வந்தார், கையில் அம்மன் கோயில் எலுமிச்சம்பழத்தோடு.

"மாலையிலேர்ந்து ஐயரு எடுத்துக் கொடுத்தாரு. உள்ளங்கையில வெச்சிக்கினு தூங்கு. ரெண்டே நாள்ல பட்டு மாதிரி ஆயிடும்."

அவர் வெயிலில் நடந்து வந்திருக்கிறார். அம்மன் கழுத்தில் கிடந்த பழத்தை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? முந்தானையை விரித்து நீட்டினேன். பக்தியாக வாங்குகிறேன் என்று நினைத்து அவர் கண்கலங்கிவிட்டார். கூடவே, விரலில் தொட்டுக்கொள்ள ஒரு திருநீறு பாக்கெட்டும் பழைய பாவின் மிச்சத் துண்டு ஒன்றும் கொடுத்தார். "கை மறந்துடப் போவுது, போட்டுப் பழகிக்கினு இரு. பாவு இந்த வாரம் தீந்துடும்." பழம் பிரிட்ஜுக்கு மேலே போயிற்று. திருநீற்றைப் பிரித்துத் தொட்டுத் தொட்டு, தினமும் அந்த மிச்சத் துண்டில் பிணைத்துப் பழகினேன்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மறுபடியும் வெடித்தது.

அன்றைக்கு ஏற்பட்ட சலிப்பை எப்படிச் சொல்வது? எல்லாக் கதவையும் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், அது உள்ளேயே இருக்கிறது. பழத்தை நான் தொடவில்லை. சோப்பைத் தொடவில்லை. வீட்டுக்காரர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, சோப்புன்னா கை பூராதான படணும்? இது இன்னா ரெண்டு வெரலு நுனியில மட்டும் கீது?"

வலது கட்டை விரல், வலது ஆள்காட்டி விரல். முறுக்குகிற விரல்கள். முகர்ந்து பார்த்தேன். எலுமிச்சை இல்லை, பன்னீர் வாசனை. திருநீறு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு எசன்ஸ் கடைக்கு ஓடினேன்.

தம்பி மூக்கருகே வைத்துப் பார்த்தார். "ரோஸ் சென்ட்டு போட்டிருக்காங்க. ரோஜா வாசனைக்கு இந்த சிட்ரால்ல ஒரு துளி சேப்போம்க்கா. இல்லேன்னா வாடின பூ மாதிரி இருக்கும். இதுல யாரு இன்னா கலந்தாங்களோ எனக்குத் தெரியாது. ஆனா இல்லேன்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

யோசித்துப் பார்த்தால் அது எங்களுக்கே நடக்கக்கூடிய தப்பு. எல்லார் வீட்டிலும் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. அடுப்புச் சாம்பல் இல்லை. பாக்கெட் திருநீறு வெள்ளையாக, மாவு போல இருக்கிறது. வெளிர்நிறப் பட்டில் கறை விடாது. சாமி பொருள் வேறு. தறிக்குப் பக்கத்தில் எல்லாரும் அதையே வைக்கிறார்கள். டாக்டர் சொன்னதும் நான் விட்டது சோப்பையும் தைலத்தையும். வேலை நாள் முழுவதும் விரலில் பூசிக்கொண்டிருந்ததை விட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

நல்லவேளை, அந்தப் பிளவு ஆழமில்லை. களிம்பு போட்டேன், பாவுத் துண்டைத் தொடவில்லை. பாவு ஏற்றும் நாள் வந்தபோது நுனி கொஞ்சம் சிவந்திருந்தது, ஆனால் மூடியிருந்தது. வீட்டு மாடியில் வறட்டி எரித்து, சலித்து, ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு.

தறிக்கார அக்கா டப்பாவைத் திறந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"சாம்பலா? ஒரு வூட்லேர்ந்து இன்னொரு வூட்டுக்குச் சாம்பல் எடுத்துக்கினு வருவாங்களாடி? அதுவும் கல்யாணப் பொடவைக்கு?"

எனக்கு அது தோன்றவே இல்லை. "அக்கா, பாக்கெட் திருநீறு என் கைக்கு ஆகல."

"சாமி திருநீறு ஆகல, உன் வூட்டுச் சாம்பல் ஆவுதா?"

"சாமி மேல தப்பு இல்லக்கா. அதுல போட்டிருக்கிற சென்ட்டு."

"மத்தியானம் ஓரிக்கைக்காரி வரா. ஒரு பேச்சுக்குச் சொல்லி வெச்சேன். அவகிட்டயே வுட்டுடட்டுமா?"

தறி அறையில் காற்றுக்கு இழை பறக்கும் என்று ஜன்னலைச் சாத்தி வைத்திருப்பார்கள். ஃபேனும் கிடையாது. காலையில்தான் துடைத்திருக்கிறார்கள், எனக்காகவே இன்னும் கொஞ்சம் லிக்விட் ஊற்றித் துடைத்ததாக அக்கா சொன்னார். எலுமிச்சை வாசனை சுவர் மாதிரி நின்றது. வாயைத் திறந்தால் சாமியைக் குறை சொன்னவளாவேன். மூடிக்கொண்டு அந்தத் திருநீற்றைத் தொட்டால் பிணைத்து முடிப்பதற்குள் விரல் பிளந்து கல்யாணப் பாவைக் கெடுப்பேன். எழுந்து போனால் தறி போயிற்று. டப்பாவை வாங்கி மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

அக்காவின் வீட்டுக்காரர் பக்கத்துத் தறியில் நெய்துகொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார். "நம்ம வூட்ல எரிச்சா நம்ம சாம்பல்தான? எரிங்களேன். திருநீறே வறட்டிதானே."

அக்கா அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "இதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று அவரைத்தான் திட்டினார்.

வாசலில் ஆட்டோவோடு நின்றிருந்த என் வீட்டுக்காரர் போய் நாட்டு மருந்துக் கடையிலிருந்து வறட்டி வாங்கிவந்தார். பின்கட்டில் நானும் அக்காவும் ஊதி ஊதி எரித்தோம். ஊதுகிற சாக்கில், டாக்டர் சொன்ன எலுமிச்சை வாசனைக் கதையையும் அக்காவிடம் சொல்லிவிட்டேன். புகையில் இரண்டு பேருக்கும் கண்ணீர். வறட்டி எரிவது கூடப் பரவாயில்லை, ஆறுவதுதான் ஆறவே மாட்டேன் என்றது. அக்கா விசிறினார், மணி பார்த்தார், விசிறினார். "உன்னால நான் ஹோமம் வளக்கறேன்" என்றார். பிறகு பழைய வேட்டித் துணியில் கொட்டிச் சலித்தோம். வெள்ளையாக இல்லை, இளஞ்சாம்பலாக இருந்தது. அரக்குச் சிவப்புப் பாவுக்கு அது போதும்.

உட்கார்ந்தேன். முதல் இழை. பழையதும் புதியதும் சேர்ந்து திரும்பின. விரல் மாட்டவில்லை. ஒரு கைப்பிடி அளவு பிணைத்ததும் அக்கா குனிந்து அந்தக் கற்றையைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். இன்னொரு முறை இழுத்தார். போனை எடுத்துக்கொண்டு கதவருகே போனார்.

"ஓரிக்கை அம்மாவா? நான்தான் பேசறேன். இன்னிக்கி வர வேணாம்மா. இல்ல இல்ல, பாவு ஏத்தியாச்சு. ஆளு வந்துட்டாங்க. ஆமா, அதே ஆளுதான்."

திரும்பி வந்து, அறைக்கதவை இழுத்துச் சாத்தினார். வாசனை இன்னும் கெட்டியானது. எனக்குக் கண் ஓரம் லேசாக எரிந்தது. தரையில் கை ஊன்றாமல் சம்மணத்தை மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

"நாளைக்கி வெறுந் தண்ணியில தொடைக்கறேன்" என்றார் அக்கா. "இன்னிக்கிப் பொறுத்துக்க."

எனக்கு முன்னால் ஆயிரக்கணக்கான இழைகள் சிவப்பாகக் கிடந்தன. சாம்பலைத் தொட்டுக்கொண்டு அடுத்ததை எடுத்தேன்.