ஞானப்பிரகாசம் சாரின் இரண்டு கேள்விகள்

ஞானப்பிரகாசம் சார் மாரடைப்பில் இறந்துவிட்டதாக அவருடைய மகள் செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசியில் சொன்னார். “உங்ககிட்டயாச்சும் ஒடம்புக்கு முடியலன்னு சொன்னாரா அங்கிள்?” என்று கேட்டார். அடக்கம் எப்போது என்று கேட்டேன்.

எங்கள் பள்ளியில் அவர் கணக்கு நடத்தினார், நான் வரலாறு. இருவருக்கும் ஒரே மேசை. அவரை அறிந்த நீங்கள் இந்த அஞ்சலிக் குறிப்பை என்னைவிட நன்றாக எழுதக்கூடும். பட்டியல் இல்லாமல் எனக்கு எழுத வராது. ஆகவே:

1. போட வேண்டிய சண்டைகளைக்கூட அவர் போடவில்லை.
2. போட்ட சண்டைகளில் தோற்கவில்லை.
3. அவர் வழியே சரி. அதைப் பின்பற்றியதால் கெடுதல் எதுவும் வரவில்லை.

எங்கள் மலையூருக்கு ஒரு சீசனில் சுற்றுலா வந்த யாரோ அவர் வீட்டு வாசலை அடைத்துக் காரை நிறுத்திவிட்டுப் போனார். சார் சுவரோடு ஒட்டி நசுங்கி வெளியே வந்தார். அவருக்காக நான்தான் கொதித்தேன், மனதுக்குள்.

“நாயித்துக்கெழம மலையெறங்கிருவான். அவனத் திருத்துறதா என் சோலி?” என்றார். “வாயத் தொறக்குமுன்ன ரெண்டு கேள்வி சார். காரியம் அந்தாளு கையில இருக்கா? சொன்னா மாறுற ஆளா? ரெண்டுக்கும் ஆமான்னா பேசுங்க. இல்லாட்டி டீயக் குடிங்க.”

இதை எத்தனை முறை சொன்னாரோ, அத்தனை முறையும் எனக்கு எரிச்சல் வந்தது.

வில்பட்டி பஸ் மாலையில் எங்கள் பள்ளிக்கூட வாசலில் நிற்காது. பிள்ளைகள் மழையில் நடந்தார்கள். நான் மேலிடத்துக்கு ஆறு மனுக்கள் எழுதினேன். அவர் ஒன்றில்கூடக் கையெழுத்துப் போடவில்லை. “மனுவ வாசிக்கிறவரு பஸ் ஓட்டலையே சார்.” பிறகு டிரைவரிடம் மூன்று நாள் வாதாடினார். “பிள்ளைகள வரிசையா நிப்பாட்டி வெக்கிறேண்ணே. வெரசா ஏறலன்னா நீங்க பாட்டுக்குப் போயிருங்க.” நான்காம் நாள் பஸ் நின்றது. என் மனுக்களின் நகல்கள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன.

அந்த இரண்டு கேள்வி விதியை அவர் என்னிடம் மட்டும் மதிக்கவில்லை. எனக்குக் கண்புரை. ஆபரேஷன் வேண்டாம் என்று தீர்மானமாகச் சொல்லியும் ஓராண்டு தினமும் வந்து நச்சரித்தார். “குருட்டுக் கண்ண வச்சுக்கிட்டு யாருக்கு மனு எழுதப் போறீங்க?”

“நான் மாறுற ஆளில்லையே. ஒங்க ரெண்டாவது கேள்வி என்னாச்சு?”

“டீ ஆறுது, குடிங்க” என்றார். ஒருநாள் விடியுமுன் வந்து கதவைத் தட்டி, கண் ஆஸ்பத்திரிக்கு என்னை மதுரை பஸ்ஸில் ஏற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

போன மாதம் ஏரியிலிருந்து மேடு ஏறும்போது மூன்று இடங்களில் நின்று நெஞ்சைத் தடவினார்.

“நாளைக்கே டாக்டரப் பாருங்க சார்.”

“வெறும் வாயு. கெடக்கு விடுங்க.”

அவருடைய கேள்விகளை எனக்குள் கேட்டுப் பார்த்தேன். இவர் சொன்னால் மாறுகிற ஆளில்லை. டீ குடித்தோம். வாதாடாமல் இருக்கக் காரணம் கிடைத்ததில் எனக்கு நிம்மதிகூட இருந்தது.

அவர் ஓராண்டு வாதாடி மீட்டுத் தந்த கண்பார்வை என்னிடம் இருக்கிறது. அதைக் கொண்டுதான் மேலே உள்ள பட்டியலைத் திரும்ப வாசித்தேன். மூன்றாவது வரி தவறு.