பெட்டியாகிப் போன ஜெயா

போன கிழமை தெரிந்தவர் ஒருவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போனேன். பந்தி முடிந்ததும் வாசலில் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் கொடுத்தார்கள். இறந்தவரின் படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, கடைசிப் பக்கத்தில் குடும்பத்தாரின் பெயர்கள் — வழக்கமானதுதான். புரட்டிக்கொண்டு நின்ற என்னை யாரோ கையில் பிடித்து இழுத்தார்கள்.

இறந்தவரின் மகள் ஜெயா.

"அக்கா, இதைப் பாருங்கோ. அப்பாவின்ர கல்வெட்டில நான் ஒரு பெட்டி."

பார்த்தேன். 'மகள்' என்ற இடத்தில் ஒரு கொம்பு, ஒரு வெறும் பெட்டி, பிறகு 'யா'. ஜெயாவைக் காணவில்லை!

ஜெயா செட்டிக்குளத்து முருகையாவை விரும்பிக் கட்டியவள். அவருடைய ஆட்கள் மலையகத்திலிருந்து வந்தவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே வவுனியாவில் வயல் செய்யும் ஜெயாவின் வீட்டாருக்கு அந்தக் கல்யாணம் இன்றுவரை செமிக்கவில்லை. தகப்பன் மட்டும்தான் போக்குவரத்து வைத்திருந்தார். இப்போது அவரும் இல்லை. இனி இந்த வீட்டுப் படி ஏறலாமா, கூடாதா? அவளுக்கு அதுதான் கேள்வி.

கல்வெட்டை அடிப்பித்த அண்ணன் ராஜன் ஓடி வந்தான்.

"அக்கா, நீங்களே சொல்லுங்கோ. இது கொம்பியூட்டர் விட்ட பிழை. முருகையாவின்ர பேர் வடிவா விழுந்திருக்குத்தானே? நான் வெட்டுறதெண்டா அதையல்லோ முதல் வெட்டியிருப்பன்?"

நியாயமான கதை. பிறவிச் சந்தேகக்காரியான எனக்கே நியாயமாகப் பட்டது. கொம்பியூட்டர் எழுத்துக்கான பொன்ட் படுத்தும் பாடு எனக்கும் தெரியும். நான் எழுதும் இந்தப் பத்தியே ஒருமுறை பத்திரிகைக் கந்தோரில் திறந்தபோது முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நின்றதாம். பத்தியை ஏற்றிக் கொண்டுபோகும் பிளொப்பியைக் கண்டாலே ஆமிச் சென்ரியில் ஆயிரம் கேள்வி. அதற்குள் இப்படி ஒரு மர்ம பாஷை வேறு இருந்தால்? நல்ல காலம், அங்கே திறந்து பார்க்கக் கொம்பியூட்டர் இல்லை.

ஜெயாவுக்கு விளக்கினேன். டைப் செய்த கடையில் ஒரு பொன்ட், அச்சகத்தில் இன்னொன்று. க, ம, ய எல்லாம் இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கலாம். ஜ, ஷ, ஸ — இவற்றை மட்டும் பொன்ட் செய்கிறவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு ஒவ்வொரு மூலையில் வைத்துவிடுகிறார்கள். தேடிப் போன மூலையில் எழுத்து இல்லையா? கொம்பியூட்டர் ஒரு பெட்டியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடும்.

வாசகர்களே, இதற்கு மருந்து உண்டு. பிளொப்பியில் பொன்டையும் சேர்த்து ஏற்றிக் கொடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கக் கடதாசியில் ஒரு பிரின்டும் கொடுங்கள். அதற்குப் பிறகும் ஒருவரையும் நம்பாமல் புரூஃபை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்... பெயர்களை முதலில்.

"அப்ப அண்ணா செய்யேல்லையே?"

"இல்லையடி. உன்ர பேரில ஜ இருந்ததுதான் குற்றம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. தாய் இருந்த அறைப் பக்கம் திரும்பியவள், இன்னொருக்கால் கல்வெட்டைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா... அண்ணாவின்ர பேரிலயும் ஜ இருக்கே?"

இருந்தது. ஜெயாவுக்கு நேர் மேலே, 'மகன் ராஜன்' என்று, ஒரு குறையும் இல்லாமல்.

ராஜனைத் தேடினேன். அடுத்த பந்தி பரிமாறப் போய்விட்டான்!

மனம் கேட்கவில்லை. அடுத்த நாள் வவுனியா ரவுணுக்குப் போய் அச்சகக்காரரைக் கேட்டேன்.

"ராஜன் தம்பிதான் புரூஃப் பாத்தவர், பிள்ளை. ரெண்டு பேரிலயும் பெட்டிதான் நிண்டது. தன்ர பேரைத் திருத்துவிச்சவர். தங்கச்சியின்ரயையும் திருத்துவமோ எண்டு கேட்டனான். நேரமில்லை, விடுங்கோ எண்டிட்டார்."

ஒரு எழுத்து. ஒரு தட்டு. அதற்கு நேரமில்லையாம்! எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

நேற்று ஜெயா வந்து கேட்டாள். ஒளிக்காமல் சொன்னேன். அவள் அழவில்லை. என் மேசையில் கிடந்த பேனையை எடுத்து, பெட்டிக்குள் அழுத்தி ஒரு ஜ எழுதினாள்.

"நான் அம்மாவிட்டப் போய் வருவன், அக்கா. அது அப்பா கட்டின வீடு."

பொன்ட் பிழை விடும். ஆனால் ஆள் பார்த்து விடாது.