தாய்மாமன் செருப்பு

எனக்குக் காது குத்தியபோது எட்டு வயது. அவ்வளவு தாமதமானதற்குக் காரணம் என் தாய்மாமன். மடியில் என்னை உட்கார வைத்துக்கொள்ள வேண்டிய மனிதர், கல்வராயன் மலையிலிருந்து லாரி டியூபில் சாராயம் இறக்கிக்கொண்டிருந்தார். இறக்கியதில் அவர் குடித்ததும் சேர்த்தி. முன்பு இரண்டு தடவை நாள் குறித்தபோதும் அவர் ஜெயிலில் இருந்தார். இன்னும் தள்ளினால் காதுகுத்தையும் மஞ்சள் நீராட்டையும் சேர்த்தே நடத்திவிடலாம் என்று அப்பா கிண்டல் செய்வார்.

மூன்றாம் தடவை ஜெயிலிலிருந்து வந்ததும் அம்மா அவரைக் கள்ளக்குறிச்சியில் ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தாள். தொண்ணூறு நாள் கணக்கு. எழுபதாவது நாள் என் காதுகுத்து. மையத்தில் அரைநாள் அனுமதி கொடுத்தார்கள், சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

கச்சிராயபாளையம் பக்கத்தில் எங்கள் குலதெய்வம் கோயில். மாமா கன்னம் பூசினாற்போல் வந்தார். அவர் மடியில் அலறி முடித்தேன். ஆசாரி எழுந்ததும் மாமா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்:

"ரெண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பறேன்க்கா."

"கறிசோறு வெந்துகினு இருக்குது. சாப்டாம போவியா?"

"சோறு கெடக்குதுக்கா. பந்தி முடிஞ்சா இவங்க பாட்டில எடுப்பாங்க. என்னால அங்க ஒக்கார முடியாது."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு நான்தான் மகாராணி. மாமா என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டாமா? அம்மா வாங்கிக் கொடுத்திருந்த அவருடைய புதுச் செருப்பை எடுத்துப்போய், அடுப்பெரிக்க வைத்திருந்த காய்ந்த கரும்புச் சோகைக் கட்டுக்குள் செருகினேன்.

மாமா தேடினார். பந்தல், குழாயடி, நாங்கள் வந்த வேனுக்கு அடி என்று தேடினார். ரெண்டு மணி பஸ் போனது. "நாலு மணி பஸ்ஸுல போய்க்கலாம், வாப்பா" என்று அப்பா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். என் பக்கத்து இலையில் மாமா சாப்பிட்டார். பிறகு பெரியப்பாக்களோடு வேனுக்குப் பின்னால் போனார். நாலு மணி பஸ்ஸும் போனது.

அதன்பின் அவர் மையத்துக்குத் திரும்பவில்லை. ஒன்றரை மாதத்தில் மலையடிவாரத்தில் இரண்டு டியூபோடு பிடிபட்டார். அந்த முறை நீண்ட நாள் உள்ளே இருந்தார். வெளியே வந்து, தானே போய் மையத்தில் சேர்ந்து, தொண்ணூறு நாளையும் முடித்தார். அதற்குப் பிறகு இன்றுவரை எங்கள் வீட்டுப் பக்கம் போலீஸ் வந்ததில்லை. மாமா இப்போது கரும்பு ஆலைக்கு டிராக்டர் ஓட்டுகிறார். காதுகுத்துக்கெல்லாம் மொய் வைத்துவிட்டுப் பந்திக்கு முன்பே கிளம்பிவிடுவார்.

வெறுங்காலோடு போயிருக்கலாமே என்று அப்பா சொல்வார். சொல்லலாம். நான் இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. அன்றைக்கு ஒரே இடத்தை மாமா மூன்று தடவை குனிந்து பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்வை, கண் கலங்கியிருந்தது. ஒரு ரப்பர் செருப்புக்கா இத்தனை பாடு என்று நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.