பதினோராம் பாட்டு

அம்பலத்தில் ஆடும் ஐயனின் தூக்கிய திருவடியை நெஞ்சில் இருத்தித் தொடங்குகிறேன். இன்று மார்கழித் திருவாதிரை. நல்ல நாள். செய்த குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் நல்ல நாள்தான்.

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளைப் பற்றி எழுதச் சொல்லி வாசகர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். எட்ட நின்று குறை சொல்லலாம் என்றுதான் இருந்தேன். இப்போது அந்தத் தகுதி எனக்கு இல்லை. நானே ஒரு போட்டியில் நடுவராக உட்கார்ந்துவிட்டேன்!

செந்துறைச் சாலையில் உள்ள எங்கள் ஊருக்குக் கேபிள் இணைப்புக் கொடுப்பவர் ரவிச்சந்திரன். சிவன் கோயில் விழாக் குழுவின் செயலாளரும் அவரே. கார்த்திகையில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். பெரிய சேனல்களில் நடப்பதைப் போலவே கோயில் மண்டபத்தில் பதிகப் பாட்டுப் போட்டி... உள்ளூர் கேபிளில் ஒளிபரப்பு... மூன்று நடுவர்கள்... பாடுவோருக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம்.

எங்கள் கோயில் பதிகத்தில் பதினோரு பாட்டு. பத்தில் இறைவனைப் பாடி, பதினொன்றில் பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் கிட்டும் பலனைச் சொல்லி முடியும். இரண்டு நிமிடத்தில் எத்தனை பாட முடியும் என்று கேட்டேன்.

"ரெண்டு பாட்டு போதுங்கய்யா. அதுக்கு மேல போனா ஜனங்க சேனல மாத்திடுவாங்க" என்றார்.

நான் தலையாட்டினேன். அது முதல் தவறு.

இரண்டாவது தவறுக்குமுன் செல்வாம்பாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கன்வாடியில் ஆயா வேலை. கணவர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். மார்கழி விடியலில் எங்கள் ஊர்ப் பெண்கள் நான்கு வீதியும் பாடி வருவது பல ஆண்டுகளாக இவரை நம்பித்தான். இவர் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். யார் கையிலும் புத்தகம் இருக்காது.

போட்டியில் அவரும் பாடினார். கீபோர்டு வாசித்தவர் கல்லூரி மாணவிகளுக்கு வைத்த சுருதியிலேயே இவருக்கும் வாசித்தார். இவருடைய குரலோ தணிந்த குரல். போதாததற்கு, மூன்றாம் பாட்டின் நடுவில் மணி அடித்தும் இவர் நிறுத்தவில்லை. பாட்டைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லை.

கேமராவின் சிவப்பு விளக்கு என் பக்கம் திரும்பியது. வாரந்தோறும் டிவியில் பார்த்த நடுவர்களின் தோரணை, நான் அழைக்காமலே வந்து சேர்ந்தது. கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டு சொன்னேன்:

"மனப்பாடம் நல்லா இருக்கும்மா. ஆனா குரல் சுருதிக்கு வெளியில நிக்குது. பாவம் பத்தல."

பத்துக்கு நான்கு மதிப்பெண்.

"சரிங்கய்யா" என்று மைக்கை வைத்துவிட்டு இறங்கினார். அழவில்லை. அழுவார் என்று கேமரா அவர் முகத்திலேயே காத்திருந்தது. கேபிளில் ஒளிபரப்பியபோது அந்த இடத்தில் சோகமாக ஒரு வயலினைச் சேர்த்திருந்தார்கள். ஒரு வாரத்தில் மூன்று முறை போட்டார்கள்.

இந்தப் போட்டிகளில் பாடுவதற்கு இரண்டு நிமிடம்தான். தோற்றவர் முகத்துக்கு மட்டும் ஏன் அத்தனை நேரம்? பாட்டைக் கேட்கத்தானே உட்கார்ந்தோம் – எப்போது அழுகையைப் பார்க்க ஆரம்பித்தோம்?

மார்கழி பிறந்தது. செல்வாம்பாள் வரவில்லை. போட்டியில் வென்ற மாணவி முன்னே நின்று பாடினாள். நல்ல பெண், இனிய குரல். நாளுக்கொரு பதிகத்தில் இரண்டு இரண்டு பாட்டாக நாட்கள் போயின. யாரும் ஒன்றும் கேட்கவில்லை... நான் உட்பட.

இன்று காலை நடராசர் புறப்பாடு. திருவாதிரையன்று சுவாமி வாசலில் நிற்க, கோயில் பதிகத்தை முழுதும் பாடி முடித்த பிறகே கற்பூரம் காட்டுவது வழக்கம். மாணவி இரண்டு பாட்டை உருகிப் பாடினாள். பிறகு நிறுத்திவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தாள் – மதிப்பெண்ணுக்காக. மூன்றாம் பாட்டு அவளுக்குத் தெரியாது. வாங்கிப் பாடியே பழகிய மற்றப் பெண்களுக்கு, எடுத்துக் கொடுக்க ஆளில்லை.

நான் எடுத்தேன். எழுபத்தாறு வயது மூச்சு ஐந்தாம் பாட்டில் இருமலாக முடிந்தது. தரிசன நேரம் கடக்கிறதே என்று குருக்கள் கற்பூரத்தை ஏற்றினார். எனக்குத் தெரிந்து பதினோராம் பாட்டு பாடப்படாத திருவாதிரை இதுதான்.

நேரே செல்வாம்பாள் வீட்டுக்குப் போனேன். "வூட்டுக்குள்ள வாங்கய்யா, உக்காருங்க" என்று களி கொண்டுவந்து வைத்தார். தவறு செய்துவிட்டேன் என்றேன். அவர் முகம் மாறவில்லை.

"சோறூட்டறப்ப பாடுவேங்கய்யா. இப்ப வாயத் தொறந்தாலே புள்ளைங்க கரண்டியால தட்டுல டிங்குனு அடிச்சு, 'ஆயா அவுட்டு'ங்குதுங்க. அதுங்களுக்கு என்ன தெரியும்? டிவில பாத்தத சொல்லுதுங்க. அதான் பாடறதயே வுட்டுட்டேன்."

நாளை முதல் வீதிப் பாட்டுக்கு வரச் சொன்னேன். களித் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்.

"நீங்க சொன்னத ஊரே பாத்துச்சு. இத வூட்டுக்குள்ள வந்து சொல்றீங்க. அங்க சொல்லுங்கய்யா, நான் வாரேன்."

நியாயம்தானே? ரவிச்சந்திரனிடம் போனேன். கேபிளில் ஒரு நிமிடம் கேட்டேன். போட்டியை மறுபடி போடுவதாகவும் இடையில் நேரம் இல்லை என்றும் மரியாதையாகவே சொன்னார்.

கேபிளில் இல்லாத இடம் எனக்கு இந்தப் பத்தியில் உண்டு. ஆகவே ஊரறியச் சொல்கிறேன்: செல்வாம்பாளின் பாட்டில் குறை இல்லை. அவர் குரலுக்குக் கீபோர்டு இறங்கி வரவில்லை. அதைச் சொல்லவேண்டிய நடுவர் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நான்கு மதிப்பெண்ணையும் நடுவருக்கே திருப்பித் தருகிறேன். இந்த இதழ் வெளிவந்ததும் நானே அதை அங்கன்வாடிக்குக் கொண்டுபோய், பிள்ளைகளுக்கும் கேட்கும்படி வாசித்துக் காட்டுவேன்.

இதைப் படிக்கும் அனைவரும், உங்கள் வீட்டில் பாடுவோரும் பாட வராதோரும் குறைவின்றி வாழ்க. பதினோராம் பாட்டின் பலன் எல்லோருக்கும் கிட்டுக. இன்று அதைப் பாடவில்லை என்பதால் சற்றுத் தாமதமாகும்... செல்வாம்பாள் வந்ததும் வந்து சேரும்.