மத்தியானத் தூக்கமும் இரண்டு தேசங்களும்

இருக்கிற ஊரைக் குறை சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வியட்நாமில் ஒரு பனியன் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்த இரண்டு வருடமும் திருப்பூருக்காக வாதாடினேன். எங்கள் ஊரில் மெஷினுக்குப் பக்கத்திலேயே டீ வரும், வடை வரும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். கேட்டவர்கள் சிரித்தபடி தலையாட்டினார்கள். அவர்களுக்கு என் பாஷை தெரியாததால் மறுத்துப் பேச வழியில்லை. திருப்பூர் ராயபுரத்து வீட்டுக்குத் திரும்பிய மறுவாரமே கட்சி மாறிவிட்டேன். அங்கே நடப்பதற்கென்று நடைபாதை உண்டு, சந்துக்குள் போகிறவன்கூட ஹெல்மெட் போடுவான் என்று ஆரம்பித்தேன்.

"அவ்வளவு நல்லா இருந்தா அங்கயே இருந்துக்கறதுதானுங்க" என்றாள் மனைவி.

சிக்கலே அதுதான். வியட்நாம்காரர்கள் இன்னும் மூன்று வருடத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள், இந்த முறை குடும்பத்தோடு. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மகள் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், அவளால் தடையில்லை. மனைவிதான் பிடி கொடுக்கவில்லை. பதினெட்டு வருடமாக மங்கலம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்து வரும் துணியில் குறை இருக்கிறதா என்று செக்கிங் பார்க்கிறாள். இன்னும் மூன்று வருடம் தனியாகக் கிடக்க எனக்குத் தெம்பில்லை. அவள் வந்தால் போவது, இல்லாவிட்டால் இல்லை என்று முடிவு செய்திருந்தேன். அதனால் தினமும் சாப்பிடும்போது வியட்நாமுக்கு விளம்பரம் செய்தேன்.

உண்மையைச் சொன்னால் இரண்டு நாடும் ஒரே டி-சர்ட்டைத்தான் தைக்கின்றன. காலரில் இருக்கும் நாட்டின் பெயர்தான் வேறு. அங்கே தெருவெல்லாம் மீன் சாறு வாசனை, இங்கே சாயப்பட்டறை வாசனை. அங்கே கரன்ட் போனால் யாரைத் திட்டுவதென்று எனக்குத் தெரியாது, இங்கே தெரியும். ஒருமுறை காய்ச்சல் வந்து அங்கத்து டாக்டரிடம் நடித்துக் காட்டினேன். அவர் வயிற்றுவலிக்கு மருந்து கொடுத்தார். நம் ஊருக்கு வேலைக்கு வரும் ஒரிசாப் பையன்களிடம் புரியாத தமிழில் எத்தனை முறை கத்தியிருக்கிறேன் என்று அன்று நினைத்து வெட்கப்பட்டேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்களை அடித்துக்கொள்ள முடியாது. மதியம் மணி அடித்ததும் அரக்கப்பரக்கச் சாப்பிடுவார்கள். பிறகு விளக்கையெல்லாம் அணைத்து, அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு மெஷினுக்கு அடியிலேயே படுத்துவிடுவார்கள், மேனேஜர் உட்பட. முதல் நாள் நான் ஏதோ விஷவாயு கசிந்துவிட்டதென்று மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். ஒரு மாதத்தில் எனக்கும் தனி அட்டை வந்துவிட்டது.

இதை இங்கேயும் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. மனைவியின் கம்பெனியிலேயே இரண்டு மாதத்துக்கு மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்திருந்தேன். முதலாளியிடம் கேட்டேன்.

"தூங்கறதுக்குங்களா நான் கம்பெனி கட்டி வெச்சிருக்கறேன்?" என்றார். என்னோடு பழைய பழக்கம், அவரால் தட்ட முடியவில்லை. "செரி, ரெண்டு நாள் பாருங்க. தெக்கிற பீஸ் கொறைஞ்சா நீங்கதான் பதில் சொல்லோணும்."

முதல் நாள் மதியம் நானே மெயின் சுவிட்சை அணைத்தேன். எங்கும் நல்ல இருட்டு. எண்ணிப் பத்து நொடியில் ஜெனரேட்டர் உறுமியது, விளக்கெல்லாம் எரிந்தது, டெய்லர்கள் பாதிச் சோற்றில் கை கழுவிக்கொண்டு மெஷினுக்கு ஓடினார்கள். எலக்ட்ரீஷியனிடம் சொல்ல மறந்திருந்தேன். இந்த ஊரில் விளக்கு அணைந்தால் அவர் கால் தானாக ஜெனரேட்டரைப் பார்த்து ஓடும், அவர்மேல் தப்பில்லை. முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் எலக்ட்ரீஷியனைக் கையோடு பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அணைத்தேன். டெய்லர்கள் டீக்கடைக்குப் போனார்கள். ஒரிசாப் பையன்கள் வீட்டுக்கு வீடியோ கால் போட்டார்கள். ஒருவரும் படுக்கவில்லை. மானம் போகிறதே என்று செக்கிங் பக்கம் போனேன். அங்கே மேஜையில் அடுக்கிய பனியன்மேல் தலை வைத்து ஒரே ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். என் மனைவி. மணி அடித்தது, அவள் அசையவில்லை. எழுப்பப் போன என்னைப் பக்கத்தில் இருந்த பெண்கள் கையைக் காட்டித் தடுத்தார்கள். அவள் பங்கு பீஸையும் அவர்களே எடுத்து வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். முகம் ஒரு பக்கமாக அழுந்தி, வாய் லேசாகத் திறந்து கிடந்தாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது கேட்டாள்.

"ஏனுங்க, அங்க பொம்பளைங்களும் படுப்பாங்களா?"

"எல்லாரும்தான்."

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

வண்டியைக் கொஞ்சம் வேகமாக விட்டேன். சரி, வியட்நாம் ஜெயித்துவிட்டது என்று எனக்குள் ஒரே குஷி.

"ஒரு ஞாயித்துக்கெழமகூட எனக்கு மத்தியானம்னு ஒண்ணு இருந்ததில்லீங்க" என்றாள். "நீங்க சாப்பிட்டுப் படுத்துக்குவீங்க. நான் பாத்திரம் கழுவிட்டு, வாரத்துத் துணியெல்லாம் தொவச்சுப் போட்டு நிமுந்தா பொழுதே எறங்கிரும். தூங்கறதுக்குப் போயி பிளேன் ஏறோணுங்களா? நீங்க அந்தப் பாத்திரத்தயும் துணியயும் பாத்தீங்கன்னா நான் நம்ம ஊட்டுலயே தூங்கிக்குவேன்."

எனக்குக் காது சுட்டது. நடைபாதை, ஹெல்மெட் என்று இத்தனை நாள் நான் பேசியதில் பாத்திரமும் துணியும் ஒருமுறைகூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு நான் வைத்தேன். உப்பு கூடிவிட்டது. அவள் சோற்றைக் கூடப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டு, உள்ளே போய் ஃபேனைப் போட்டுப் படுத்தாள். நான் பாத்திரம் கழுவினேன், துணி துவைத்தேன். இடுப்பு விட்டுப்போனது. நாலு மணிக்கு எட்டிப் பார்த்தேன், இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து, வரவில்லை என்று வியட்நாமுக்கு எழுதிப் போட்டேன்.