தண்டவாளத்தில் நான் வரைந்த பெண்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ஸ்ரீரங்கத்தில் நடந்தது இது. என் கணவர் காலமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பொறுக்காமல், மகள் என்னை முதியவர்களுக்கான ஓவிய வகுப்பில் சேர்த்துவிட்டாள். டெலிபோன் ஆபீசில் குப்பை கொட்டி ரிடையர் ஆனவளைக் பெயின்ட் பெட்டியோடு உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனேன். போன பிறகு பிடித்துப்போய்விட்டது, அது வேறு கதை.

என் பக்கத்து நாற்காலியில் ரயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் உட்காருவார். எடமலைப்பட்டி புதூரிலிருந்து பஸ் மாறி மனைவிதான் அழைத்து வருவார். மனிதர் யாரோடும் பேசமாட்டார். நாங்களெல்லாம் கோபுரம், காவிரி, மலைக்கோட்டை என்று வரைய, அவர் வாரா வாரம் தண்டவாளமும் பச்சை சிக்னலும்தான் வரைவார். அதில் ஆள் இல்லை, மாடு இல்லை, ஒரு காக்காய்கூட இல்லை.

"தூக்கமே இல்லைங்க அவருக்கு. கொஞ்சம் அசந்தாலும் வலது கையால எதையோ பிடிச்சு இழுக்கிறார். நரம்புக் கோளாறுன்னு டாக்டர்கிட்டல்லாம் காட்டியாச்சு. இங்க வந்தாவது மனசு லேசாகுமான்னு பார்க்கிறேன்" என்று அவர் மனைவி என்னிடம் சொல்லியிருந்தார்.

அன்று வகுப்பு நடத்தும் பெண் ஒரு விளையாட்டு வைத்தாள். அவரவர் படத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதில் ஏதாவது ஒன்றைச் சேர்க்க வேண்டும். டிரைவரின் படம் என் கைக்கு வந்தது. இவ்வளவு வெறிச்சென்று இருக்கிறதே என்று, தண்டவாளத்தைக் கடந்து போகிற மாதிரி ஒரு பெண்ணை வரைந்தேன். மஞ்சள் புடவை, கையில் ஒயர் கூடை. வழக்கத்துக்கு மாறாக நன்றாகவே வந்திருந்தது. பெருமையாக நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தவர் அந்த மஞ்சள் புடவைமேல் விரலை வைத்தார். "உங்களுக்கு யாருங்க சொன்னா?" என்று கேட்டார்.

"சும்மா வரைஞ்சேன் சார். என்ன ஆச்சு?"

தலை நிமிராமல் அவர் சொன்னார். "பச்சை விழுந்திருந்துச்சுங்க. ஹாரன் அடிச்சேன். பிரேக்கும் போட்டேன். ரயில் உடனே நிக்காதுங்க. அந்தம்மா திரும்பிக்கூடப் பார்க்கலை."

விசாரணையில் அவர்மேல் தப்பில்லை என்று முடிவாகி, மறுபடி டூட்டிக்குப் போய்விட்டாராம். அவர் மனசில் மட்டும் அது முடிந்துபோகவில்லை. வாசலில் பிளாஸ்க்கோடு காத்திருந்த அவர் மனைவி உள்ளே வந்து நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"இத்தனை வருஷமா ஏங்க என்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா, நான் டூட்டிக்குப் போறப்பல்லாம் நீ பயந்துக்கிட்டே இருந்திருப்ப."

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். தூக்கத்தில் அந்தக் கை எதைப் பிடித்து இழுத்தது என்று மனைவிக்கு அப்போதுதான் தெரிந்தது. எங்கள் யாருக்கும் கண்ணீர் நிற்கவில்லை.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. தெரியாமல் செய்ததுதான், இருந்தாலும் ஆறிக்கொண்டிருந்த புண்ணைக் கிளறிவிட்டேனே என்று மகளிடம் புலம்பித் தீர்த்தேன்.

அதற்கும் அடுத்த வாரம் வந்தார். கையில் அதே படம், சுருட்டி வைத்திருந்தார். மேஜையில் விரித்தபோது, அந்தப் பெண்ணை அழித்திருப்பார் என்று நினைத்தேன். அவள் அப்படியே இருந்தாள், ஒயர் கூடையோடு. அவர் மாற்றியிருந்தது சிக்னலை. பச்சை மேல் சிவப்பைப் பூசினால் சாணி நிறம்தானே வரும்? காயவிட்டுக் காயவிட்டு மேலே மேலே பூசியிருக்கிறார். குங்குமம் அப்பிய மாதிரி அந்த இடம் தடித்துப் போயிருந்தது. படத்தின் கோடியில், தூரத்தில், ஒரு சின்ன ரயில் நின்றுகொண்டிருந்தது.

"நிறுத்திட்டேங்க" என்றார்.

நான் அவரைப் பார்த்துக் கைகூப்பினேன். சில ராத்திரிகளில் இன்னமும் கை இழுக்கிறது என்றும், இப்போதெல்லாம் விழித்துத் தன்னிடம் பேசிவிட்டுத் தூங்கிவிடுகிறார் என்றும் அவர் மனைவி பிறகு சொன்னார்.

நடந்தது எதுவும் மாறிவிடவில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் 'இன்னும் கொஞ்சம் முன்னாலேயே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கலாமே' என்று என் கணவரை நினைத்து மனசு குடைகிற நாட்களில், அந்தச் சிவப்பு சிக்னலை நினைத்துக்கொண்டு, நானும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன்.